ஃபெல்ட் துணியிலும் மிச்சப் பொருட்களிலும் பொம்மை வீட்டுக்கான சோபா: தொடக்கநிலையினருக்கான செய்முறை

நான் முதன்முதலில் செய்த சோபாவில் பொம்மையை உட்கார வைத்தபோது அதன் கால்கள் தரையைத் தொடவே இல்லை. அளவுகளை எல்லாம் சரியாகத்தான் கணக்கிட்டிருந்தேன்; அட்டையின் தடிமனையும், அதன் மேல் ஒட்டிய ஃபெல்ட்டின் தடிமனையும், மெத்தையின் உயரத்தையும் மட்டும் சேர்க்க மறந்துவிட்டேன். சிறிய அறைக்கலன்கள் செய்யத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால், அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது.

பொம்மை வீடுகளில் மிகப் பரவலாக வழங்கும் அளவு 1:12. அதாவது, உண்மையான பொருளில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலமாகும். இங்கிலாந்து அரசி மேரிக்காக 1921 முதல் 1924 வரை கட்டிடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்துக் கட்டுவித்து, இன்று விண்ட்சர் கோட்டையில் வைக்கப்பட்டிருக்கும் பொம்மை வீடும் இந்த அளவில் அமைந்ததே. அதில் மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீரும் வரும். நமக்கு அவ்வளவு தேவையில்லை. வீட்டில் இருக்கும் சோபாவை இன்ச் டேப்பால் அளந்து, ஒவ்வோர் அளவையும் 12ஆல் வகுத்தால் போதும். தரையிலிருந்து 42 செ.மீ. உயரத்தில் இருக்கும் இருக்கை 3.5 செ.மீ. ஆகிவிடும்.

நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் நாம் வகுத்துவிடலாம். கையில் இருக்கும் துணியின் தடிமனை வகுக்க முடியாது. 1 மி.மீ. தடிமனுள்ள ஃபெல்ட், 1:12 உலகத்தில் 12 மி.மீ. தடிமனுள்ள துணியாகத் தெரியும். சோபாவின் மேலுறைக்கு அது பொருத்தம், ஏனெனில் உண்மையான சோபாவின் உறையும் அடியில் மென்மையான அடுக்கு வைத்துப் பருமனாகத்தான் இருக்கும். அதே ஃபெல்ட்டைப் போர்வையாக விரித்தால் கட்டிலின் மேல் ஒரு பலகையைக் கவிழ்த்தது போல இருக்கும். எந்தப் பொருளை எங்கே பயன்படுத்தலாம் என்று ஐயம் எழும்போதெல்லாம் அதன் தடிமனை 12ஆல் பெருக்கிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

தொடக்கநிலையினருக்கு ஃபெல்ட்டையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அது நெய்த துணி அன்று. இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து அழுத்திச் செய்தது. ஆகவே வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஐந்து செ.மீ. அகலமே உள்ள துண்டுக்கு ஓரம் மடித்துத் தைத்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது புரியும். கம்பளி ஃபெல்ட் விலை கூடியது, ஆனால் வடிவம் நன்றாக நிற்கும். பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக் ஃபெல்ட் எளிதில் கிடைக்கும். பழகுவதற்கு அதுவே போதும். இஸ்திரிப்பெட்டியின் கடுஞ்சூட்டில் அது உருகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தேவையானவை

1 மி.மீ. தடிமனுள்ள ஃபெல்ட், பார்சல் பெட்டிகளில் வரும் 3 மி.மீ. தடிமனுள்ள நெளி அட்டை, 8 மி.மீ. தடிமனுள்ள ஸ்பாஞ்சுத் துண்டு, வெள்ளைப் பசை, கட்டர் கத்தி, கூர்மையான கத்தரிக்கோல், இரும்பு ஸ்கேல், ஊசி, ஃபெல்ட்டின் நிறத்திலேயே எம்பிராய்டரி நூல், 5 மி.மீ. அளவுள்ள நான்கு மரமணிகள், பல்குத்தும் குச்சிகள், ரப்பர் பேண்டுகள் ஆகியவை வேண்டும். உங்களிடம் இருக்கும் ஃபெல்ட்டோ அட்டையோ தடிமனில் வேறுபட்டால், கீழே தந்திருக்கும் அளவுகளை அதற்கேற்ப ஓரிரு மில்லிமீட்டர் மாற்றிக்கொள்ளுங்கள்.

குளூ கன் வேகமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் பசை ஃபெல்ட்டுக்கு அடியில் மேடாக நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டர் மேடு என்பது உண்மையான சோபாவில் 1.2 செ.மீ. புடைப்புக்குச் சமம். பொறுமை இருந்தால் வெள்ளைப் பசையே மேல்.

முதல் படி: அட்டையை வெட்டி அடிப்பாகம் செய்தல்

நெளி அட்டையில் 10 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள ஆறு துண்டுகளை வெட்டுங்கள். கத்தியை ஒரே அழுத்தில் இறக்கினால் அட்டையின் உள்நெளிவுகள் நசுங்கி ஓரம் சப்பையாகிவிடும். ஆகவே ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்று நான்கு முறை லேசாக இழுத்து வெட்ட வேண்டும். துண்டுகளில் மூன்றில் நெளிவுகள் நீளவாக்கிலும், மற்ற மூன்றில் அகலவாக்கிலும் ஓடட்டும். அவற்றை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி அடுக்கி ஒட்டினால், கட்டை எந்தத் திசையிலும் வளையாது. மேலே கனமான புத்தகங்களை வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் 1.8 செ.மீ. உயரமுள்ள உறுதியான கட்டை ஒன்று கையில் இருக்கும்.

முதுகுச்சாய்வுக்கு 9.8 × 6.3 செ.மீ. அளவில் இரண்டு துண்டுகளையும், கைப்பிடிகளுக்கு 6.8 × 4.3 செ.மீ. அளவில் நான்கு துண்டுகளையும் வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளுங்கள். 9.8 என்று விந்தையான எண் ஏன் வந்தது என்று கேட்கலாம். இருபுறமும் 1 மி.மீ. ஃபெல்ட் சுற்றி வந்தபின் அது சரியாக 10 செ.மீ. ஆக வேண்டும் என்பதற்காகத்தான். ஃபெல்ட் சுற்றும் திசையில் அட்டையை 2 மி.மீ. குறைத்து வெட்டுவது என்னும் இந்த ஒரு விதியைக் கைக்கொண்டால், எந்த அறைக்கலனையும் நீங்களே வடிவமைக்கலாம்.

இரண்டாம் படி: ஃபெல்ட்டை வெட்டுதல்

ஃபெல்ட்டில் பென்சிலால் கோடு போட்டால் துணி இழுபடும், கோடும் சரியாகத் தெரியாது. காகிதத்தில் அளவு வெட்டி, அதை செல்லோ டேப்பால் ஃபெல்ட்டின் மேல் ஒட்டி, டேப்போடு சேர்த்தே வெட்டிவிடுவது என் வழக்கம். குண்டூசி குத்தினால் இவ்வளவு சிறிய துண்டு சுருங்கிக்கொள்ளும். கத்தரிக்கோலின் நுனியால் கொத்திக் கொத்தி வெட்டாமல், உள்வாயிலிருந்து நீளமாக வெட்டினால் ஓரம் பல் பல்லாக வராது.

வெட்டும் முன் ஃபெல்ட்டை இரு திசைகளிலும் இழுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் ஒரு திசையில் கூடுதலாக நீளும். குறைவாக நீளும் திசையை நீளமான பக்கத்துக்கு வைத்தால் உறை பின்னாளில் தொய்யாது.

கட்டைக்கு 10 × 14 செ.மீ. அளவில் ஒரு பட்டை வேண்டும். முதுகுக்கு 12.2 × 8.7 செ.மீ. அளவில் ஒன்றும், அதன் பின்புறத்தை மூட 9.6 × 6.1 செ.மீ. அளவில் ஒன்றும் வெட்டுங்கள். ஒவ்வொரு கைப்பிடிக்கும் 9.2 × 6.7 செ.மீ. அளவில் ஒன்றும், உட்புறத்துக்கு 6.6 × 4.1 செ.மீ. அளவில் ஒன்றும் தேவை.

மூன்றாம் படி: உறை போடுதல்

பசையை எப்போதும் அட்டையின் மேல்தான் தடவ வேண்டும், ஃபெல்ட்டின் மேல் தடவக் கூடாது. ஃபெல்ட்டில் நேராகத் தடவினால் பசை ஊறி மறுபக்கம் வந்து, காய்ந்தபின் பளபளக்கும் கடினமான திட்டாக நின்றுவிடும். அதை எடுக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. அட்டைத் துண்டு ஒன்றால் பசையை மெல்லியதாக வழித்துப் பரப்பி, கையில் பிசுபிசுக்கும் வரை ஓரிரு நிமிடம் காத்திருந்து, அதன் பிறகு ஃபெல்ட்டை வையுங்கள்.

கட்டையின் பட்டையை மேற்புறத்தின் பின்விளிம்பில் தொடங்கி, முன்புறமாக இறக்கி, அடிப்புறம் முழுவதும் கொண்டுபோய் முடியுங்கள். இரண்டு பக்கங்களும் பின்புறமும் வெறும் அட்டையாகவே இருக்கட்டும். அவை வெளியே தெரியப்போவதில்லை, அட்டையில் பசையும் நன்றாகப் பிடிக்கும்.

முதுகுப் பலகையை அதன் பெரிய ஃபெல்ட்டின் நடுவே வைத்து, நான்கு மூலைகளிலும் துணியைச் சாய்வாகக் கத்தரித்துவிட்டு, ஓரங்களைப் பின்பக்கமாக மடித்து ஒட்டுங்கள். மூலைகளைக் கத்தரிக்காமல் மடித்தால் அங்கே மூன்று மடிப்புகள் சேர்ந்து முண்டாகிவிடும். பிறகு பின்புறத் துண்டை மேலே ஒட்டி மூடிவிடலாம். கைப்பிடிகளுக்கும் இதே முறைதான்; அங்கே பெரிய துண்டு வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்ளே மடிய வேண்டும். பார்வைக்குப் படும் ஓரங்களை எம்பிராய்டரி நூலின் ஆறு இழைகளில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, காஜா தையல் போட்டு இணைத்தால் மிக நேர்த்தியாக இருக்கும். ஆறு இழைகளையும் சேர்த்துத் தைத்தால் சோபாவைக் கயிற்றால் கட்டியது போலத் தோன்றும்.

நான்காம் படி: இணைத்தல்

முதலில் முதுகை, கட்டையின் வெறும் பின்புறத்தோடு, அடிவிளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஒட்டுங்கள். அது பிடித்தபின் கைப்பிடிகளை இருபுறமும் ஒட்டி, ரப்பர் பேண்டால் சுற்றிக் கட்டி, இரண்டு மணி நேரம் தொடாமல் வையுங்கள். ரப்பர் பேண்டுக்கு அடியில் காகிதம் வைக்காவிட்டால் ஃபெல்ட்டில் தடம் விழும்.

கால்களை ஒட்ட மட்டும் பசையை நம்ப வேண்டாம். அடிப்புறத்தின் நான்கு மூலைகளிலும் ஊசியால் துளையிட்டு, பசையில் தோய்த்த பல்குத்தும் குச்சியை ஒன்றரை செ.மீ. ஆழத்துக்குச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் மணியைக் கோத்து, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். இப்படிச் செய்த கால் எத்தனை முறை கீழே விழுந்தாலும் கழலுவதில்லை.

ஐந்தாம் படி: மெத்தைகள்

இரண்டு ஃபெல்ட் துண்டுகளைத் தைத்துப் பஞ்சு அடைப்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் மெத்தை தலையணை போல நடுவில் உப்பி, ஓரங்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். பொம்மை வழுக்கி விழும். ஆகையால் ஸ்பாஞ்சையே 4.7 × 5.8 செ.மீ. அளவில் இரண்டாக வெட்டுங்கள். 4.7 செ.மீ. அகலமும் 13.6 செ.மீ. நீளமும் உள்ள ஃபெல்ட் பட்டையை மேல், முன், அடி, பின் எனச் சுற்றி, பின்புறத்தில் ஓரங்களைச் சேர்த்துத் தையுங்கள். இரு பக்கங்களையும் 6 × 1 செ.மீ. பட்டைகளால் மூடிவிட்டால், ஒரு செ.மீ. உயரமுள்ள மெத்தை தயார்.

இப்போது கூட்டிப் பாருங்கள்: மணிக்கால் 0.5, கட்டையும் அதன் உறையும் 2, மெத்தை 1, ஆக 3.5 செ.மீ. பொம்மையின் பாதம் தரையைத் தொடும்.

உங்களிடம் இருப்பது 1:6 அளவுக்கான உயரமான பொம்மை என்றால், முடிந்த சோபாவின் அளவுகளை இரட்டிப்பாக்கி, அதன் பிறகு 2 மி.மீ. குறைத்து அட்டையை வெட்டுங்கள். அட்டையின் அளவுகளையே இரட்டிப்பாக்கினால் தவறிவிடும், ஏனெனில் ஃபெல்ட்டின் தடிமன் இரட்டிப்பாவதில்லை.

தீப்பெட்டி இழுப்பறைகள்

சோபாவுக்குத் துணையாக ஓர் இழுப்பறைப் பெட்டி வைக்கலாம். குச்சிகளைக் காலி செய்த ஆறு தீப்பெட்டிகளை, பக்கத்துக்கு மூன்றாக இரண்டு வரிசை அடுக்கி ஒட்டுங்கள். ஒட்டும்போது உள்தட்டுகள் உள்ளேயே இருக்கட்டும். எடுத்துவிட்டு ஒட்டினால் வெளிக்கூடு நசுங்கி, பிறகு தட்டு நுழையாது. இதை நான் இரண்டு முறை பெட்டியைக் கெடுத்த பிறகே கற்றேன். மேல், பக்கங்கள், அடி ஆகியவற்றை ஒரே ஃபெல்ட் பட்டையால் சுற்றி, சேரும் இடத்தை அடிப்புறத்தில் மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் ஒட்டும் ஃபெல்ட், முகப்பைவிட எல்லாப் பக்கமும் 1 மி.மீ. சிறியதாக இருந்தால்தான் மூடும்போது சிக்காது. பிடிக்கு ஒரு சிறு மணியைத் தைத்து, நூலை உட்புறம் முடிச்சிடுங்கள். ஒட்டிய மணி பத்தாவது இழுப்பில் கையோடு வந்துவிடும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் மணி, பட்டன் எதுவும் வேண்டாம். அவற்றை வாயில் போட்டு விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. மணிக்குப் பதிலாக மடித்துத் தைத்த ஃபெல்ட் வளையத்தைப் பிடியாக வைக்கலாம். சோபாவுக்குக் கால்களே இல்லாமல், கட்டையில் இரண்டு அட்டை அடுக்குகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

கட்டிலும் விரிப்பும்

ஐஸ் குச்சிகள் ஏறத்தாழ 1 செ.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் கொண்டவை, 1:12 அளவில் அவை அப்படியே மரப்பலகைகளாகத் தெரியும். அவற்றை வரிசையாக ஒட்டினால் கட்டிலின் தலைப்பலகை ஆகிவிடும். குச்சியைக் குறுக்கே வெட்ட, இருபக்கமும் கத்தியால் ஆழமாகக் கீறிவிட்டு ஒடித்தால் பிளக்காது.

போர்வைக்கு மட்டும் ஃபெல்ட்டை விட்டுவிட்டு, பழைய கைக்குட்டையின் மெல்லிய பருத்தித் துணியை எடுங்கள். அவ்வளவு சிறிய துணிக்குத் தன் எடையால் தொங்கும் வலு கிடையாது. கட்டிலின் ஓரங்களில் விறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஒரு பங்கு வெள்ளைப் பசையில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, கட்டிலின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் போர்த்துங்கள். ஓரங்களில் மடிப்புகளை விரலால் படியவைத்து, குண்டூசியால் நிறுத்தி, முழுவதும் காய்ந்தபின் ஊசிகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கை உருவிவிடுங்கள். காயும்வரை ஒரு மூலையைச் சற்றே விலக்கி வைத்திருந்தால், யாரோ இப்போதுதான் எழுந்து போன கட்டில் போல இருக்கும்.