கீமோ எடுக்குறப்ப வீட்டுல சின்னப் பிள்ளை இருந்தா பண்ணக்கூடாத தப்புங்க

நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். எனக்கு பிரெஸ்ட் கேன்சர்னு தெரிஞ்சப்ப பையனுக்கு மூணு வயசு முடிஞ்சு நாலு மாசம். 3 வாரத்துக்கு ஒண்ணுன்னு மொத்தம் 8 கீமோ. அந்த ஆறு மாசத்துல நான் பண்ணின தப்பு, கூட உக்காந்து ட்ரிப் ஏத்திக்கிட்ட அக்காமாருங்க பண்ணின தப்பு ரெண்டையும் சேத்து எழுதுறேன். முக்கால்வாசி எங்க ஆரம்பிக்குதுன்னா, "சமாளிச்சுக்கலாம்"னு நாம சொல்ற அந்த ஒரு வார்த்தையிலதான்.

முதல்ல காய்ச்சல். ரெண்டாவது கீமோ முடிஞ்சு பத்தாவது நாள், ராத்திரி பதினோரு மணி இருக்கும், உடம்பு கொதிக்குது. அவருக்கு காலைல அஞ்சு மணி ஷிஃப்ட், பையன் அப்பதான் தூங்கினான், எதுக்கு எல்லாரையும் எழுப்பணும்னு ரெண்டு பனடோல் (பாராசிட்டமால் மாத்திரை) போட்டுட்டுப் படுத்துட்டேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நர்ஸ்கிட்ட சொன்னதும் அவங்க முகமே மாறிப்போச்சு. கீமோ போட்ட 7ல இருந்து 14 நாளுக்குள்ளதான் பொதுவா ரத்தத்துல கிருமிய எதிர்க்குற வெள்ளை அணு ரொம்பக் கீழ இறங்கும், அப்ப வர்ற காய்ச்சல் சில மணி நேரத்துல ரத்தத்துல கிருமி பரவுற அளவுக்குப் போயிடலாம், பனடோல் சூட்டை மட்டும் மறைச்சு வெச்சிடும். தெர்மாமீட்டர்ல 38 டிகிரி செல்சியஸோ அதுக்கு மேலயோ காட்டினா, மணி என்னன்னு பாக்காம உங்க ஆஸ்பத்திரி குடுத்த நம்பருக்குக் கூப்பிடுங்க, இல்ல நேரா ஏ அண்ட் ஈ (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) போயிடுங்க, ரொம்ப முடியலன்னா ஆம்புலன்ஸுக்கு 995. அங்க போனதும் முதல் வார்த்தையே "நான் கீமோல இருக்கேன்"னு சொல்லணும், ஏன்னா ஆன்டிபயாட்டிக் சீக்கிரமா நரம்புல ஏத்தியாகணும். புளோக் கீழ இருக்கற கிளினிக்குக்கு காலைல போய்க்கலாம்னு மட்டும் உக்காந்துடாதீங்க.

ஆனா அந்த ராத்திரில பிள்ளைய யார்கிட்ட விடுறது? அதுக்கு வழி இல்லாததாலதான நான் பனடோல் போட்டேன். அதுக்கப்புறம் பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டிகிட்ட ஒரு சாவி குடுத்து வெச்சேன், கதவுக்குப் பின்னாடி ஒரு பை, அதுல ரெண்டு செட் துணி, பால் பவுடர், அவன் மோந்துக்கிட்டே தூங்குற அந்த அழுக்குத் தலகாணி உறை, ஃப்ரிஜ்ல ஒரு பேப்பர் ஒட்டி "விளக்கை அணைக்க வேணாம், முதுகுல தட்டினா தூங்கிடுவான்"னு எழுதி வெச்சேன். அஞ்சாவது கீமோவுக்கு அப்புறம் 38.2 காட்டினப்ப அரை மணி நேரத்துல ஏ அண்ட் ஈல இருந்தோம்.

அடுத்தது, பிள்ளைய கிட்டயே சேக்காம இருக்கறது. மருந்தோட விஷம் பிள்ளைக்கு ஒட்டிக்கும்னு எங்க அத்தை பயந்துபோய் முதல் கீமோ அன்னைக்கு என்னை ரூமுக்குள்ள வெச்சு கதவ சாத்திட்டாங்க, அவன் வெளிய உக்காந்து கதவுக்கு அடியில விரலை விட்டு "அம்மா கை குடு"ன்னு கேட்டுட்டே இருந்தான். அது தேவையே இல்லை. கட்டிப்பிடிக்கலாம், முத்தம் குடுக்கலாம், பக்கத்துல படுக்கலாம். கவனமா இருக்க வேண்டியது மூத்திரம், மலம், வாந்தி இதுலதான், கீமோ போட்டு 48 மணி நேரம், சில மருந்துக்கு அதவிடக் கூடுதலா, நர்ஸ்கிட்ட கேட்டுக்கங்க. டாய்லெட் மூடிய போட்டு ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணணும், வாந்தி பட்ட துணிய கிளவுஸ் போட்டு எடுத்து தனியா துவைக்கணும். நம்ம வீட்டுல ரெண்டு டாய்லெட் இருந்தா அந்த நாளுக்கு ஒண்ணை உங்களுக்குன்னே வெச்சுக்கங்க. தாய்ப்பால் குடுக்கறவங்க மட்டும் கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும், கீமோ மருந்து பால்ல இறங்கும், அதனால பொதுவா நிறுத்தத்தான் சொல்வாங்க.

உண்மையில கிருமி வர்றது பிள்ளைகிட்ட இருந்து நமக்கு. சைல்ட்கேர்ல கை கால் வாய் நோய், ஃப்ளூ, சின்னம்மைன்னு ஏதாவது ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்காகப் பிள்ளைய ஒரேயடியா நிறுத்திட்டா நாள் பூரா அவன் பின்னாடி ஓட உடம்புல தெம்பு இருக்காது. டீச்சர்கிட்ட விஷயத்தச் சொல்லி, யாருக்காவது வந்தா அன்னைக்கே மெசேஜ் பண்ணச் சொல்லுங்க, சின்னம்மை வந்த பிள்ளைகூட விளையாடிட்டு வந்தான்னா அன்னைக்கே கேன்சர் டாக்டருக்குச் சொல்லணும். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஊசி அப்புறம் போடலாம்"னு பிள்ளையோட தடுப்பூசிய தள்ளிப் போடுறதும் தப்பு, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஊசி) பிள்ளைக்குப் போட்டா நமக்கு ஒண்ணும் ஆகாது. சின்னம்மை ஊசிக்கு அப்புறம் பிள்ளை உடம்புல கொப்புளம் வந்தா மட்டும் அது ஆறுற வரைக்கும் தள்ளி இருங்க. வீட்டுல எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கங்க.

பொய் சொல்றது பத்தி கொஞ்சம் நிறைய சொல்லணும். நான் "அம்மாவுக்கு காய்ச்சல்"னு சொல்லி வெச்சேன், அவனுக்கு சளிக்காய்ச்சல் வந்தப்ப "எனக்கும் முடி கொட்டுமா"ன்னு அழுதான். இன்னொரு நாள் குளிப்பாட்டுறப்ப மெதுவா கேக்குறான், "நான் சோபால இருந்து குதிச்சு உன் நெஞ்சுல இடிச்சேன்ல, அதனாலயாம்மா?" எத்தனை நாளா அதை மனசுக்குள்ள வெச்சிருந்தானோ. இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் தான்தான் காரணம்னு நெனச்சுக்கும். பேரைச் சொல்லிடுங்க, கேன்சர்னே சொல்லுங்க, உன்னால வரல, உனக்கு ஒட்டாது, அம்மா படுத்திருக்கறப்ப உன்னை இவங்க பாத்துப்பாங்க, இந்த மூணும் போதும், ஆனா திரும்பத் திரும்பச் சொல்லணும்.

தலைமுடி விஷயமும் அப்படித்தான். சில மருந்துக்கு முதல் கீமோ முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல கொட்ட ஆரம்பிக்கும். அவன் தூங்கினப்புறம் பாத்ரூம்ல மொட்டை போட்டுக்கிட்டேன், காலைல பாத்துட்டு கிட்டயே வரல. ஒரு அக்கா அவங்க மகள் கையிலயே டிரிம்மரைக் குடுத்திருக்காங்க, அது சிரிச்சிட்டே வழிச்சுதாம். எங்க வீட்டுல ரெண்டு நாள் கழிச்சு வந்து தொட்டுப் பாத்துட்டு "எந்த சாமிக்கும்மா?"ன்னு கேட்டான்.

மாத்திரை டப்பாவ டிவி பக்கத்துல வைக்காதீங்க. கிழமை போட்ட டப்பாவ மூணு வயசுப் பிள்ளை திறந்துடும், கீமோவே மாத்திரையா சாப்பிடறவங்க பூட்டித்தான் வைக்கணும். கையில பிக் லைன் (மருந்து ஏத்த கை நரம்பு வழியா போட்டு வெக்கிற நீளக் குழாய்) இருந்தா பிள்ளையத் தூக்காதீங்க, உக்காந்துக்கிட்டு அவனை மடியில ஏறச் சொல்லுங்க. கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, ஊர்ல இருந்து வர்ற கஷாயப் பொடி, ரெண்டும் டாக்டரைக் கேக்காம வேணாம்.

பணம் பத்திப் பேசத் தயங்குறதும் தப்புதான். ஆஸ்பத்திரி சோஷியல் வொர்க்கர் ரொம்ப முடியாதவங்களுக்கு மட்டும்னு நெனச்சு நாலு கீமோ வரைக்கும் நான் போகல. 2022 செப்டம்பர்ல இருந்து மெடிஷீல்டு லைஃப் (சிங்கப்பூர் அரசாங்க மருத்துவக் காப்பீடு) எந்த கேன்சர் மருந்துக்கு எவ்வளவுன்னு ஒரு பட்டியல் வெச்சுத்தான் குடுக்குது, உங்க மருந்து அதுல இருக்கான்னு முதல் கீமோவுக்கு முன்னாடியே கேளுங்க. பிள்ளை சிட்டிசனா, 7 வயசுக்குக் கீழ இருந்தா அப்பாவுக்கு வருஷத்துக்கு 6 நாள் சைல்ட்கேர் லீவ் இருக்கு, அதை கீமோ முடிஞ்ச நாளுங்களுக்குன்னு சேத்து வைங்க. எனக்கு மூணாவது நாலாவது நாள்தான் ரொம்ப மோசம். யாராவது "ஏதாச்சும் வேணும்னா சொல்லு"ன்னு சொன்னா சும்மா தலைய ஆட்டாம, "வர்ற வியாழக்கிழமை ஆறு மணிக்கு பையனைக் கூட்டிட்டு வந்து சோறு ஊட்டி விட முடியுமா"ன்னு அங்கயே கேட்டுடுங்க.