ஏரியா, ரீஜன், டிஸ்ட்ரிக்ட்: ஆங்கிலத்தில் இடம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

ஆங்கிலத்தில் இடம் சொல்ல வேண்டி வந்தால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு முதலில் வாயில் வருவது 'ஏரியா'தான். ஊரும் ஏரியா, பிரதேச செயலகப் பிரிவும் ஏரியா, மாவட்டமும் ஏரியா. "கோண்டாவில் ஏரியாவில கடை போட்டிருக்கிறார்" என்றால் எல்லோருக்கும் விளங்கும், பேச்சில் அது போதும். வேலை விண்ணப்பம், திட்ட அறிக்கை, காணி விபரம் என்று எழுத்துக்குப் போகும்போதுதான் சிக்கல்.

ஏரியாவுக்கு எல்லை கிடையாது. 'ஜஃப்னா ஏரியா' என்று எழுதினால் வாசிக்கிறவர் யாழ். நகரத்தை நினைக்கலாம், முழுக் குடாநாட்டையும் நினைக்கலாம். டிஸ்ட்ரிக்ட் அப்படியல்ல. அரசாங்கம் எல்லை போட்டு, கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம் வைத்து நடத்துகிற பிரிவு அது. எல்லை முக்கியம் என்றால் ஏரியாவை விட்டுவிடுங்கள்.

அடிக்கடி கண்ணில் படுகிற பிழை, ஜஃப்னா டிஸ்ட்ரிக்டையும் ஜஃப்னா பெனின்சுலாவையும் ஒன்றாக்குவது. பளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டு மண்ணில்தான் இருக்கிறது. ஆனால் பளை அடங்கும் பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகப் பிரிவு கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நெடுந்தீவு இதற்கு நேர் எதிர்: யாழ். மாவட்டம், ஆனால் குடாநாட்டுக்கு வெளியே கடலுக்குள் இருக்கிறது. "குடாநாடு முழுவதும் வேலை செய்கிறோம்" என்று அறிக்கையில் எழுதிவிட்டு, நெடுந்தீவைச் சேர்த்து, பளையை விட்டுவிடுகிறார்கள். அந்த வசனமே பிழையாகிவிடுகிறது. தேர்தல் என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடங்கும். அங்கே வெறும் 'ஜஃப்னா டிஸ்ட்ரிக்ட்' போதாது, 'எலெக்டோரல் டிஸ்ட்ரிக்ட்' என்றே எழுத வேண்டும்.

சரி, ரீஜனை எங்கே பாவிப்பது? வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் இவைதான் அந்தச் சொல்லுக்கு அச்சொட்டாகப் பொருந்துபவை. நிலமும் வழக்கமும் சேர்ந்து உருவான பெரிய பகுதிகள் அவை. 'வலிகாமம் டிஸ்ட்ரிக்ட்' என்று ஒன்று இல்லை. 'வலிகாமம் டிவிஷன்' என்று எழுதினாலும் எது என்று கேள்வி வரும். ஏனென்றால் இன்று அந்தப் பெயரை ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் சுமக்கின்றன: வடக்கு தெல்லிப்பழை, தெற்கு உடுவில், கிழக்கு கோப்பாய், மேற்கு சங்கானை, தென்மேற்கு சண்டிலிப்பாய். அதனால் திசையையும் சேர்த்தே எழுதுங்கள். கல்வித் திணைக்களத்தில் பாவிப்பது சோன், அதாவது வலயம். அதன் எல்லை வேறு. நிர்வாகத்தில் வலிகாமம் கிழக்காக இருக்கிற கோப்பாய், கல்வியில் யாழ்ப்பாண வலயத்துக்குள் வருகிறது. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வட மாகாணத்தை 'நோர்தேர்ன் ரீஜன்' என்று எழுதுவதும் சரியல்ல. அது 'நோர்தேர்ன் ப்ரொவின்ஸ்'. பிறகு, 'அட் ஜஃப்னா ஏரியா' என்பது இலக்கணப் பிழை, 'இன் த ஜஃப்னா ஏரியா' என்று வர வேண்டும். 'இன் த ரீஜன் ஒஃப்' என்ற தொடருக்குப் பின்னால் ஒரு தொகை வந்தால் 'கிட்டத்தட்ட' என்றுதான் பொருள். இடத்தைத் தேடாதீர்கள்.

ஏரியாவுக்கு அளவு என்றும் பொருள் உண்டு. காசு நட்டம் வரக்கூடிய இடம் இதுதான். காணி விற்கவோ வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கவோ போகும்போது 'ஏரியா: 4 பரப்பு' என்று எழுதுகிறோம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் பரப்பு என்றால் என்ன தெரியும்? கொழும்பில் வாங்குகிறவருக்கும் பேர்ச்சில்தான் பழக்கம். ஒரு பரப்புக்கு 18 குழி, அது 10 பேர்ச். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆகவே 4 பரப்பு என்பது 40 பேர்ச், கால் ஏக்கர். இதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒரு பரப்பைச் சதுர அடியில் கேட்டால் 2,722.5.

அறை அளவு எழுதும்போது சொல்லின் இடம் மாறினால் கணக்கே மாறிவிடும். 'ஃபைவ் ஸ்குவயர் மீற்றர்ஸ்' என்றால் 5 சதுர மீற்றர். 'ஃபைவ் மீற்றர்ஸ் ஸ்குவயர்' என்றால் பக்கத்துக்கு 5 மீற்றர், அதாவது 25 சதுர மீற்றர். மேசன்மாரிடம் கொடுக்கிற தாளில் இதைப் பார்த்து எழுதுங்கள்.

பழைய காணி உறுதியில் (பத்திரத்தில்) பரப்புக்குப் பதிலாக லாச்சம் என்று இருந்தால் நீங்களாகவே கணக்குப் பார்த்து மாற்ற வேண்டாம். நெற்காணியா வரகுக் காணியா என்று உறுதி சொல்வதையும் சேர்த்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள். நில அளவையாளர் கீறிய பிளானில் இருக்கிற அளவை அப்படியே எடுத்து எழுதுங்கள்.