வங்கி கைவிரித்த பிறகு நியாயமான தனிநபர் கடன் தேடுவது எப்படி?

வங்கியில் விண்ணப்பம் தள்ளுபடியானதும் பலரும் அன்றைக்கே இன்னும் நாலைந்து இடங்களில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். வேறு எதையும் செய்வதற்கு முன் இதை நிறுத்துங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கடன் கொடுப்பவர் உங்கள் கிரெடிட் அறிக்கையை, அதாவது நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, கேட்டு வாங்குகிறார். அப்படிக் கேட்டதும் அறிக்கையில் பதிவாகிறது. ஒரே வாரத்தில் ஆறு பதிவுகளைப் பார்க்கும் ஏழாவது நிறுவனம், இவர் கடுமையான பணமுடையில் இருக்கிறார் என்று கணக்குப் போடும். ஒன்று மறுக்கும், இல்லையென்றால் வட்டியை ஏற்றிச் சொல்லும்.

படி 1: ஏன் மறுத்தார்கள் என்று கேளுங்கள்

மின்னஞ்சலிலோ கடிதத்திலோ காரணத்தைக் கேளுங்கள். கவுன்ட்டரில் வாய்வழியாகச் சொல்லும் "ஸ்கோர் பத்தலை" (ஸ்கோர் என்பது கிரெடிட் அறிக்கையை வைத்துத் தரும் மதிப்பெண்) என்ற பதிலை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்: பழைய தவணை தாமதம், வருமானத்துக்குப் போதிய ஆவணம் இல்லாதது, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருப்பது, இதுவரை கடனே வாங்காததால் மதிப்பிட எதுவும் இல்லாதது, அல்லது ஏற்கெனவே கட்டும் தவணைகள் அதிகமாக இருப்பது.

கடைசிக் காரணத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதம் கைக்கு வரும் சம்பளம் 40,000 என்று வையுங்கள். இப்போது கட்டும் தவணைகள் 14,000. புதுக் கடனின் தவணை 9,000. மொத்தம் 23,000, அதாவது வருமானத்தில் 57.5 சதவீதம். கடன் கொடுப்பவர்கள் பொதுவாக 40 முதல் 50 சதவீதம் வரைதான் ஏற்பார்கள். முடியும் தறுவாயில் இருக்கும் 5,000 தவணைக் கடன் ஒன்றை முதலில் அடைத்துவிட்டால் விகிதம் 45-க்கு இறங்கிவிடும். மறுத்த அதே வங்கிகூட மறுபடி பரிசீலிக்கக்கூடிய எண் அது.

படி 2: கிரெடிட் அறிக்கையை வரிவரியாகப் பாருங்கள்

ஸ்கோர் என்ற ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அறிக்கையில் தேட வேண்டியவை:

- அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டுகிறதா?
- உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா? பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகும் வேறொருவருடையது கலந்திருக்கலாம். மோசடியாகவும் இருக்கலாம்.
- நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனில் தாமதம் விழுந்திருக்கிறதா?
- ஏதாவது கடன் முழுதாக அடைக்கப்பட்டதாக அல்லாமல், பேசித் தீர்த்துக்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறதா?

நாலாவதுதான் ஆட்களை ஏமாற்றும். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து "செட்டில்மென்ட்" என்று முடித்தவர்கள், கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார்கள். அடுத்து கடன் தருபவர் கண்ணுக்கோ, முழுப் பணமும் வராத கடனாகத்தான் அது தெரியும்.

பிழை இருந்தால், அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் தவறான தகவலைக் கொடுத்த கடன் நிறுவனத்துக்கும் ரசீது நகலோடு ஒரே நேரத்தில் எழுதுங்கள். திருத்தம் வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை புது விண்ணப்பம் வேண்டாம். கிரெடிட் கார்டு இருந்தால், வரம்பில் 30 சதவீதத்துக்குள் பயன்பாட்டைக் குறைத்து வையுங்கள்.

படி 3: தேவையான தொகையை மட்டும் முடிவு செய்யுங்கள்

"தகுதி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கோங்க" என்பார்கள். செலவுப் பட்டியலை எழுதிக் கூட்டி, அந்தத் தொகையோடு நில்லுங்கள்.

படி 4: எந்த வரிசையில் கேட்பது?

முதலில் வேலை செய்யும் இடத்தில் சம்பள முன்பணம் கிடைக்குமா என்று பாருங்கள். பெரும்பாலும் வட்டி இருக்காது, இருந்தாலும் குறைவு.

அடுத்தது கூட்டுறவுக் கடன் சங்கங்கள். இவற்றுக்கு உறுப்பினர்களே உரிமையாளர்கள். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் 1864-ல் தொடங்கிய கிராமக் கடன் சங்கத்தின் வழிவந்த அமைப்பு இது. அடமானம் வைக்க எதுவும் இல்லாதவரையும் அவரைத் தெரிந்தவர்களின் உத்தரவாதத்தில் நம்புவதுதான் அதன் அடிப்படை. ஸ்கோரை மட்டும் பார்க்காமல் ஆளையும் விசாரிப்பார்கள். ஆனால் சேர்ந்த உடனே கடன் கிடைக்காது. சில மாதம் உறுப்பினராக இருந்து சேமித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அதனால் இப்போதைக்குத் தேவை இல்லாவிட்டாலும் சேர்ந்து வைப்பது நல்லது.

மூன்றாவது, கையில் இருப்பதன் மேல் கடன்: வைப்புத்தொகை, சரண்டர் மதிப்புள்ள (பாதியில் முடித்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும்) காப்பீட்டுப் பாலிசி, தங்கம். கொடுப்பவருக்குப் பிடிமானம் இருப்பதால் ஸ்கோர் பெரிய தடையாக இருக்காது, வட்டியும் குறையும். திருப்பவில்லை என்றால் பொருள் போய்விடும் என்பதே இதன் விலை.

நாலாவது, உரிமம் பெற்ற வங்கி சாரா நிதி நிறுவனங்களும், தனிநபர்களிடமிருந்து தனிநபர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்யும் இணையத் தளங்களும். இரண்டாவது வகை 2005-ல் பிரிட்டனில் சோபா என்ற நிறுவனத்தோடு தொடங்கியது. விண்ணப்பிக்கும் முன், ஸ்கோரைப் பாதிக்காமல் தகுதியை மட்டும் சரிபார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மூன்று இடங்களில் அப்படிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு இடத்தில் முழு விண்ணப்பம் போடுங்கள்.

ஜாமீன்தாரரோடு விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடும். ஆனால் நீங்கள் கட்டாவிட்டால் முழுக் கடனையும் அவரிடம் கேட்பார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 5: உண்மையான வட்டியைக் கணக்கிடுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

ஒரு லட்சம் கடன், 12 மாதம். ஒரு நிறுவனம் 12 சதவீதம் "பிளாட்", அதாவது முழுக் கடன் தொகைக்கும் கடைசிவரை ஒரே வட்டி, என்கிறது. இன்னொன்று 18 சதவீதம், குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்கிறது. எது மலிவு?

பிளாட் கணக்கில் வட்டி 12,000. மொத்தம் 1,12,000. தவணை 9,333. அடுத்ததில் தவணை 9,168, மொத்த வட்டி 10,016. "18 சதவீத" கடன்தான் மலிவு. காரணம் எளிது: பிளாட் முறையில் மாதாமாதம் 8,333 அசல் கழிகிறது. கடைசி மாதம் நீங்கள் வைத்திருக்கும் அசல் 8,333 மட்டுமே. அதற்கும் ஒரு லட்சத்துக்கான வட்டியான 1,000-ஐயே வாங்குகிறார்கள். குறையும் அசல் முறைக்கு மாற்றினால் அந்த 12 சதவீதம் ஏறத்தாழ 21.5 ஆகிறது.

கதை இன்னும் முடியவில்லை. ப்ராசசிங் கட்டணம் (விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வாங்குவது) 3 சதவீதம் பிடித்துக்கொண்டு 97,000 மட்டும் கணக்கில் போட்டால், தவணை அதே 9,333-ஆக இருக்கும்போது உண்மை விகிதம் சுமார் 27.4 சதவீதம்.

இதைக் கையால் போட வேண்டாம். கணினியின் எக்செல் போன்ற எந்த விரிதாளிலும் "ரேட்" (RATE) என்ற ஃபங்ஷன் உண்டு. முதல் இடத்தில் மாதங்கள் (12), இரண்டாவது இடத்தில் கழித்தல் குறியோடு தவணை (-9333), மூன்றாவது இடத்தில் உண்மையில் கைக்கு வரும் தொகை (97000). வரும் விடையை 12-ஆல் பெருக்குங்கள். மூன்றாவது இடத்தில் கடன் தொகையைப் போட்டால் கட்டணம் கணக்கில் வராமல் போய்விடும். பலரும் தப்பு விடுவது அங்கேதான். கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும் காப்பீட்டுக்கான தொகையையும் கைக்கு வரும் தொகையிலிருந்து கழித்துவிடுங்கள்.

தவணை குறைவு என்று மயங்கவும் வேண்டாம். அதே ஒரு லட்சத்தை 18 சதவீதத்தில் 36 மாதத்துக்கு எடுத்தால் தவணை 3,615 ஆகக் குறையும். மொத்த வட்டியோ 10,016-லிருந்து 30,149 ஆகிவிடும்.

குறுங்காலக் கடன் செயலிகளையும் இதே கண்ணால் பாருங்கள். 10,000 கடனில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தந்து, ஏழு நாளில் 10,000 கேட்கிறார்கள் என்றால், ஆண்டுக் கணக்கில் அது 900 சதவீதத்தைத் தாண்டும். நூற்றுக்கு ஐந்து என்று மாத வட்டி கேட்பவர்கூட ஆண்டுக்கு 60-தான் வாங்குகிறார். அதையும் நியாயம் என்று சொல்ல வரவில்லை.

படி 6: ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள்

ஒன்று, முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம். மேலே சொன்ன 18 சதவீதக் கடனில் ஆறு தவணை கட்டியபின் அசல் மீதி 52,232. அப்போதே அடைத்தால் மிச்சமாகும் வட்டி 2,776. முன்னடைப்புக் கட்டணம் 4 சதவீதம் என்றால் 2,089 போய்விடும், கையில் நிற்பது 687. பிளாட் கடனில் முன்னதாக அடைத்தால் மீதி வட்டி குறையுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். சில ஒப்பந்தங்களில் குறையாது.

இரண்டு, தாமதக் கட்டணம். தாமதமான தவணைக்கு மட்டுமா, மொத்த நிலுவைக்கா?

மூன்று, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் தேதி. சம்பளம் வரும் நாளுக்கு மூன்று நான்கு நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முந்திய தேதியாக இருந்தால் பணமில்லாமல் திரும்பும். கடன் நிறுவனமும் உங்கள் வங்கியும் தனித்தனியே அபராதம் போடும்.

நிரப்பாத படிவத்திலோ தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

படி 7: மோசடியை அடையாளம் காணுங்கள்

கடன் வருவதற்கு முன்பே பணம் கட்டச் சொன்னால் அங்கேயே விலகுங்கள். கட்டணம், வரி, காப்பீடு, "கணக்கைத் திறக்க" என்று பெயர் மாறும், தந்திரம் ஒன்றுதான். ஒருமுறை கட்டியவரிடம் அடுத்த காரணம் சொல்லி மறுபடி கேட்பார்கள். வருமானத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் "நிச்சயம் கிடைக்கும்" என்பவர், கடன் கொடுத்துப் பிழைப்பவர் அல்ல.

செயலி என்றால், தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறதா என்று கவனியுங்கள். கடனை மதிப்பிட உங்கள் சித்தப்பாவின் எண் எதற்கு? நாளை தவணை தவறினால் அவரை அழைத்து உங்களை அவமானப்படுத்தத்தான். உரிமத்தைச் சரிபார்க்கச் செயலியில் இருக்கும் சான்றிதழ் படத்தை நம்பாமல், கடன் நிறுவனங்களுக்கு உரிமம் தரும் ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்துக்கு நீங்களே போய் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். செயலியின் பெயரும் கடன் தரும் நிறுவனத்தின் பெயரும் வேறாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் உள்ள பெயரைத்தான் தேட வேண்டும்.

படி 8: கடன் வந்த பிறகு

கைக்கு வந்த தொகை, ஒப்பந்தம், தவணை அட்டவணை மூன்றையும் அன்றே ஒப்பிடுங்கள். தவணை கட்டமுடியாத மாதம் வரும் என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே நிறுவனத்தை அழைத்துத் தேதி மாற்றமோ கால நீட்டிப்போ கேளுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு செயலியில் எடுக்காதீர்கள்.

கடைசித் தவணை முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றையும், கொடுத்த காசோலைகளையும், அடமான ஆவணங்களையும் திரும்ப வாங்குங்கள். தானியங்கிப் பிடித்தத்தை வங்கியில் ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கிரெடிட் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சான்றின் நகலோடு படி 2-ல் சொன்னபடி எழுதுங்கள்.