தேர்ந்த வாசகருக்கு நூல் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறையப் படிப்பவருக்கு ஒரு நாவலையோ தன்வரலாற்றையோ பரிந்துரைப்பது, எப்போதாவது படிப்பவருக்குப் பரிந்துரைப்பதைவிடக் கடினமானது. புகழ்பெற்ற நூல்களின் பெயர்கள் அவருக்கு முன்பே தெரியும். அவற்றுள் பலவற்றைப் படித்திருப்பார், சிலவற்றைப் பாதியில் கைவிட்டும் இருப்பார். அந்த நூலை இப்போது எடுத்துப் படிப்பதற்கான காரணமே அவருக்குத் தேவை. பரிந்துரைகளில் நேரும் தவறுகள் பெரும்பாலும் அந்தக் காரணத்தைச் சொல்லாமல் விடுவதிலிருந்தே பிறக்கின்றன.

"வாழ்நாளில் ஒருமுறையாவது படித்தே ஆக வேண்டும்", "எடுத்தால் கீழே வைக்க மனம் வராது" என்பன போன்ற பாராட்டுகள் ஆயிரம் நூல்களுக்குப் பொருந்துவதால் எந்த நூலைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. அவை எதிர்பார்ப்பை உயர்த்திவிடும் தீமையும் உண்டு. அமைதியாக வாசித்திருந்தால் பிடித்திருக்கக்கூடிய நாவல்கூட, அந்த எதிர்பார்ப்போடு ஒப்பிடப்பட்டுச் சிறுத்துப்போகும். பாராட்டைத் தவிர்ப்பவர்களோ கதைச்சுருக்கத்தில் இறங்கிவிடுகிறார்கள். தொடக்கச் சூழலையும் கதை சொல்லப்படும் குரலையும் தெரிவித்தால் போதும். நாவலின் நடுப்பகுதிக்கு அப்பால் நிகழ்வதைத் தொட வேண்டியதே இல்லை.

நூலின் கடினத்தை மறைப்பதை நான் இவற்றைவிடப் பெரிய தவறாகக் கருதுகிறேன். 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்கு ஆசியாவைக் களமாகக் கொண்டது என்று மட்டும் சொன்னால், விறுவிறுப்பான போர்க்கதையை எதிர்பார்த்து வருபவர் அதன் நினைவோட்டங்களிலும் வேற்றுமொழிச் சொற்கள் கலந்த நடையிலும் தடுமாறக்கூடும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் அதே தடை அவருக்கு ஈர்ப்பாகவும் அமையலாம். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னைப் பரிந்துரைப்பவரும் அதன் தொடர்கதைத் தன்மையைக் குறிப்பிடுவது நல்லது. அத்தியாயத்தின் முடிவில் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டு நகரும் அந்த முறை, ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படிப்பவருக்குச் சில இடங்களில் அலுப்பைத் தரக்கூடும்.

தன்வரலாறுகளைப் பொறுத்தவரை தவறுகள் வேறு வகையானவை. ஒருவரின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கும் என்ற எண்ணத்தை உண்டாக்குவது அவற்றுள் முதன்மையானது. காந்தியின் 'சத்திய சோதனை' 1920ஆம் ஆண்டை ஒட்டிய நிகழ்வுகளோடு நின்றுவிடுகிறது. 1930இன் உப்புச் சத்தியாகிரகத்தை அவரது சொற்களிலேயே அறிய விரும்புபவரிடம் இந்நூலைக் கொடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் தொடராக வெளிவந்து, 1942இல் அவர் காலமானபோது முற்றுப்பெறாமலேயே நின்றது. அதை ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த கதையாக மட்டும் அறிமுகம் செய்பவர்கள், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் கற்ற நாட்களை விரிக்கும் பகுதிகளை வாசகர் அவசரமாகக் கடந்துபோகச் செய்துவிடுகிறார்கள். என் கணிப்பில் நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தன்வரலாற்றைச் சரிபார்க்கப்பட்ட வரலாறாக முன்வைப்பதும் பிழை. பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதுபவர் சிலவற்றை மறக்கிறார், சிலவற்றைத் தெரிந்தே விடுகிறார்; அந்த மௌனங்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்வதே நேர்மையான பரிந்துரை. இதற்கு எதிர்த்திசையிலும் குழப்பம் நேர்வதுண்டு. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) ஓர் எழுத்தாளரைப் பற்றிய நினைவுக்குறிப்புகளின் வடிவில் எழுதப்பட்ட நாவல். அது புனைவு என்பதைச் சொல்லாமல் கொடுத்தால், அந்த வடிவத்தின் குறும்பை வாசகர் கவனிக்காமலே போகக்கூடும்.

எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லாமல் விடுவது சிறிய தவறாகத் தோன்றினாலும் அதன் விளைவு சிறியதன்று. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு 1947இல் முதன்முதலாக வெளிவந்தபோது அவருடைய தந்தை சில பகுதிகளை நீக்கியிருந்தார். விடுபட்டவற்றுள் பலவற்றைச் சேர்த்த விரிவான பதிப்பு 1991இல் வந்தது. ஆளுக்கொரு பதிப்பைப் படித்த இருவர் இரு வேறு சிறுமிகளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசக்கூடும். மொழிபெயர்ப்பு நாவல் என்றால், மூலமொழியிலிருந்து நேரடியாக வந்ததா, இடைமொழி வழியாக வந்ததா, முழுமையானதா, சுருக்கப்பட்டதா என்பதையும் மொழிபெயர்ப்பாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மட்டமான ஒரு சுருக்கத்தைப் படித்துவிட்டு, பெரிய நாவலாசிரியர் ஒருவரைத் தமக்கு ஒத்துவராதவர் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

இளமையில் படித்ததை மறுபடி புரட்டிப்பாராமல் பரிந்துரைப்பது, ஒன்று கேட்டவரிடம் பத்து நூல்களின் பட்டியலை நீட்டுவது ஆகியவற்றை அதிகம் விளக்கத் தேவையில்லை. பரிந்துரைத்த பின்பு "படித்தாயிற்றா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது வாசிப்பைக் கடனாக்கிவிடும். அவரே வந்து பிடிக்கவில்லை என்று சொன்னால், நூலுக்காக வாதாடுவதை விடுத்து எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேட்கலாம். நடை தடுத்ததா, பாத்திரங்கள் ஒட்டவில்லையா என்பது தெரிந்தால் அடுத்த நூலைத் தேர்வதற்கு அது உதவும்.