படுத்த இடமெல்லாம் ஈரம்: வயதான நாய் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பன்னிரண்டு வயது நாய் வீட்டுக்குள் சிறுநீர் விட ஆரம்பித்தால், வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வைத்தியத்துக்கு முன்னால் பஞ்சாயத்து கூடிவிடும். பக்கத்துப் போர்ஷன்காரர் நாற்றம் என்பார். வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்வார். வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி உருவாகும். வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் என்பது ஒரு கட்சி. வேண்டுமென்றே செய்கிறது, திமிர் என்பது இன்னொரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் நாய் மருத்துவரிடம் போவது மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. முதுமையில் இந்தத் தொல்லை அதிகம் வரும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் பெயர் சொல்லக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது, பலவற்றுக்கு மாத்திரையும் இருக்கிறது.

எல்லா ஈரத்தையும் ஒரே ஈரமாகப் பார்ப்பது

முதல் தவறு, பெரிய தவறு இதுதான். எங்கே, எப்போது, எவ்வளவு நனைந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. துடைத்துவிட்டுத் திட்டுவதோடு சரி. கொஞ்சம் கவனித்தால் நாயே பாதி விடையைச் சொல்லிவிடும்.

கோணியில் நன்றாகத் தூங்கிய நாய் எழுந்து போகிறது. பின்பகுதி இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. நாய் திரும்பி வந்து அதை முகர்ந்து பார்க்கிறது. தன்னுடையது என்றே அதற்குத் தெரியவில்லை. பிறகு தெருவுக்குப் போய் வழக்கம்போலச் சிறுநீர் கழிக்கிறது. இது தூக்கத்தில் தன்னறியாமல் கசிவது. கருத்தடை அறுவை செய்த பெண் நாய்களில், குறிப்பாக 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவற்றில், அதிகம் காணப்படும். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்து, சிறுநீர்க் குழாயை மூடிவைத்திருக்கும் தசை தளர்ந்துபோவதுதான் காரணம். அறுவை செய்து பல வருடங்கள் கழித்தும் வரலாம். அதற்காகக் கருத்தடையே செய்யாமல் விட்டிருக்கலாம் என்று முடிவுகட்ட வேண்டாம். கருப்பையில் சீழ் கட்டுவதும் மார்புக் கட்டியும் இதைவிடப் பல மடங்கு மோசம். கசிவுக்காவது மருந்து இருக்கிறது.

இன்னொரு நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, குளம் குளமாகச் சிறுநீர் விடுகிறது. கதவு வரை போய்ப் பிராண்டுகிறது; திறப்பதற்குள் ஆகிவிடுகிறது. இங்கே சிறுநீர்ப்பையில் கோளாறு இல்லை, சிறுநீரின் அளவில்தான். சிறுநீரக நோய், சர்க்கரை, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, கருத்தடை செய்யாத பெண் நாயானால் கருப்பைச் சீழ் என்று காரணங்கள் நீளும். அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் இப்படி ஆகும். அந்த ஊசி போட்ட சீட்டைத்தான் பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

அடிக்கடி உட்கார்ந்து முக்கி, சொட்டுச் சொட்டாகப் போவது, இரத்தம் கலந்து வருவது, அந்த இடத்தை ஓயாமல் நக்குவது எல்லாம் தொற்று அல்லது கல்லின் அடையாளம். கருத்தடை செய்யாத ஆண் நாயில் புராஸ்டேட் வீக்கமும் இருக்கலாம்.

கடைசி வகையில் சிறுநீர்ப்பை நன்றாகவே இருக்கிறது, கால்தான் ஒத்துழைப்பதில்லை. மூட்டுவலியோடு மூன்றாவது மாடியில் இருக்கும் பொமரேனியன் லிஃப்ட் இல்லாத படிக்கட்டைப் பார்த்தே பயந்துபோய் வராந்தாவில் முடித்துக்கொள்ளும். டேஷண்ட் வகை நாய்களுக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) நழுவுவது சகஜம். முதுமை மறதி வந்த நாய்க்கோ வீடு எது, வெளி எது என்பதே குழம்பிப்போகும்.

தண்ணீரைக் குறைப்பது

நல்ல எண்ணத்தில் செய்யப்படும் கொடுமை இது. இரவில் கிண்ணத்தை எடுத்துவிடுவார்கள், பிறகு பகலிலும் அளந்து ஊற்றுவார்கள். சிறுநீரகம் தளர்ந்த நாய் அதிகம் குடிப்பதே, நீரைத் தேக்கிவைக்க அதன் சிறுநீரகத்தால் முடியவில்லை என்பதால்தான். குடிப்பதை நிறுத்தினாலும் போவது நிற்காது; உடல்தான் வற்றும். அக்னி நட்சத்திர நாட்களில், தகரக் கூரை வீட்டில், இதைச் செய்தால் நாயை உயிரோடு காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிடும். இரவில் கடைசியாகப் பத்து மணிக்கு மேல் ஒருமுறை வெளியே கூட்டிப் போவதும், விடிந்தவுடன் முதல் வேலையாகக் கூட்டிப் போவதும் போதுமான மாற்று.

தண்ணீரைக் குறைப்பதற்குப் பதில் அளந்து பாருங்கள். காலையில் லிட்டர் பாட்டிலில் பிடித்துக் கிண்ணத்தில் ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தைக் கழியுங்கள். குளியலறை வாளி, லாரித் தண்ணீர் பிடித்துவைத்த குடம் இரண்டையும் மூடிவைக்காவிட்டால் கணக்கு உதவாது. சாதாரணமாக நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி போதும். 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், இரத்தப் பரிசோதனை தேவை. மோர்சாதமும் கஞ்சியும் தின்னும் நாய்க்குச் சாப்பாட்டிலேயே கணிசமான நீர் போய்விடுகிறது. அதற்கு மேலும் கிண்ணம் காலியானால் இன்னும் உஷாராக வேண்டும்.

கைவைத்தியமும் மருந்துக்கடை வைத்தியமும்

"உடம்புச் சூடு" என்று ஒரு தீர்ப்பு நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கிறது. இளநீர், பார்லி கஞ்சி, வெந்தயம் என்று ஆரம்பிக்கும். இவற்றால் பெரிய கேடு இல்லை, வீணாகும் நாட்களைத் தவிர. அடுத்த கட்டம்தான் ஆபத்து. நமக்கு நீர்க்கடுப்பு வந்தால் குடிக்கும் சிட்ரேட் சிரப்பை நாய்க்கும் ஊற்றுவார்கள். அந்த சிரப் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் காரத்தன்மையாக்கும். நாய்களுக்குத் தொற்றோடு சேர்ந்து வரும் ஸ்ட்ருவைட் கல் காரத்தன்மையுள்ள சிறுநீரில்தான் வளரும். மருந்து என்று நினைத்துக் கல்லுக்குத் தீனி போடுகிறோம்.

சளி மாத்திரை கதையும் உண்டு. கசிவை நிறுத்த மருத்துவர்கள் தரும் ஃபினைல்புரோப்பனோலமைன் ஒரு காலத்தில் மனிதர்களின் சளி மாத்திரைகளில் இருந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஏதாவது சளி மாத்திரையை உடைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாராசிட்டமாலும் சூடோஎஃபெட்ரினும் கலந்த மாத்திரை நாயைக் கொன்றுவிடலாம். சரியான மருந்தையே கொடுப்பதானாலும், அது இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் இதயமும் அழுத்தமும் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். மூட்டுவலிக்கு நம்முடைய ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுப்பதும் கூடாது. வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் போகும்.

மருத்துவர் தந்த மருந்திலும் தவறு நடக்கிறது. கசிவு நின்றவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டு, பத்து நாளில் மறுபடி நனைந்ததும் மருந்து சரியில்லை என்கிறார்கள். தளர்ந்த தசைக்குத் தரும் மாத்திரை பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியது. ஈஸ்ட்ரியால் என்னும் ஹார்மோன் மாத்திரையானால் குறைந்தபட்ச அளவுக்குப் படிப்படியாக இறக்குவார்கள். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, அடுத்த முறை மிச்சத்தை எடுத்துக் கொடுப்பதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் செய்கிறோம்.

சொட்டுவதை எல்லாம் கசிவு என்று எண்ணுவது

ஆண் நாய் காலைத் தூக்கி நிற்கிறது, முக்குகிறது, இரண்டு சொட்டுதான் வருகிறது, வயிறு இறுகியிருக்கிறது என்றால் அது கசிவு அல்ல, அடைப்பு. கல் குழாயில் சிக்கியிருக்கலாம். பை நிரம்பி வழிவதைத்தான் நாம் கசிவு என்று நினைக்கிறோம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்; காலையில் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொண்டு சிறுநீரும் கட்டுப்பாடு இல்லாமல் போனால் அதுவும் அவசரம்தான். வயிற்றை அமுக்கி நாமே சிறுநீரை வெளியேற்ற முயல்வது பையைக் கிழித்துவிடக்கூடும்.

தோலை மறந்துபோவது

தரை நனைந்தால் துடைக்கிறோம். நாய் நனைந்தால் அப்படியே விட்டுவிடுகிறோம். தொடையின் உட்புறமும் வாலின் அடியும் சிறுநீரில் ஊறினால் தோல் சிவந்து, வெந்து, புண்ணாகும். அடர்ந்த முடியுள்ள நாயில் இது வெளியே தெரியாது. காசிமேடு, ராயபுரம் பக்கம் ஈக்குப் பஞ்சமில்லை. ஈரமும் புண்ணும் சேர்ந்த முடியில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும். தினமும் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் முடியை விலக்கிப் பாருங்கள். முடி வேரோடு ஒட்டிக்கொண்டு ரவை சிந்தியதுபோல வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அவை ஈ முட்டைகள். அந்த முடியைக் கத்தரித்து, மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மண்ணெண்ணெய், டர்பன்டைன், அந்துருண்டைப் பொடி எதையும் புண்ணில் போடக் கூடாது. புழு சாகலாம், தோலும் சேர்ந்து வேகும். நக்கினால் நாய்க்கும் விஷம்.

செய்ய வேண்டியது எளிது. அந்தப் பகுதி முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். நனைந்த ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றி ஒற்றி உலர்த்துங்கள். பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். குழந்தைப் பவுடர் ஈரத்தில் கட்டிபட்டு இன்னும் உராயும். குழந்தைகளின் டயப்பர் புண்ணுக்குப் போடும் துத்தநாகக் களிம்பை நாய் நக்கிவிடும், அது அதற்கு ஆகாது.

டயப்பர் நல்ல உதவிதான். குழந்தை டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டும் கட்டலாம், ஆண் நாய்க்கு வயிற்றைச் சுற்றிய பட்டையே போதும். ஆனால் இரவு கட்டியதை மறுநாள் மதியம் அவிழ்ப்பதென்றால் கட்டாமலே இருப்பது மேல். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, பகலில் கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். படுக்கைக்குக் கோணி வேண்டாம், உறிஞ்சியதை விடாது. அடியில் ரப்பர் ஷீட், மேலே பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துப் போட்டால் தினமும் துவைத்துக் காயவைக்கலாம்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

சிறுநீர் மேல் நேராகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு வரும். அதன்மேல் கழிப்பறை ஆசிட்டையும் ஊற்றினால் குளோரின் வாயு. ஒற்றை ஜன்னல் வீட்டில் இது நாய்க்கு மட்டுமல்ல, பாட்டிக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் நாய்க்கு அது சிறுநீர் வாசனையாகவே தெரியும்; அதே மூலைக்குத் திரும்பி வரும். முதலில் துணியால் முழுவதும் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் அதிகம்.

கையுறை போடுவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் சிறுநீர் வழியாகவும் நமக்குப் பரவும். கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு போன்ற இடங்களில் மழைக்குத் தேங்கும் நீரில் எலி சிறுநீர் கலந்திருக்கும்; அதில் நடந்து வந்த நாய்க்குத் தொற்றலாம். வருடாந்திரத் தடுப்பூசியில் இதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

அடி, மொட்டைமாடி, துறைமுகம்

அடிப்பதாலும் மூக்கைத் தேய்ப்பதாலும் தசை இறுகாது. மொட்டைமாடியில் கட்டிவைத்தால் வெயிலில் சுருண்டுவிடும். வண்டியில் ஏற்றித் துறைமுகத்துப் பக்கம் இறக்கிவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கால் தளர்ந்த நாய்க்கு டைல்ஸ் தரையில் கதவு வரை ரப்பர் பாய் விரித்து, படி இறங்கும்போது வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப்பிடித்தால் பாதித் தொல்லை குறையும்.

வெறுங்கையோடு மருத்துவரிடம் போவது

வேப்பேரியில் பழைய ஆட்கள் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாதவரம் பால்பண்ணைப் பக்கம் வசிப்பவர்களுக்குக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் அங்குள்ள வளாகம் அருகில். கூட்டத்தில் காத்திருந்து, மருத்துவர் கேட்கும்போது "எப்போதிலிருந்தோ இப்படித்தான்" என்று சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? அளந்த தண்ணீர்க் கணக்கு, பழைய மருந்துச் சீட்டுகள், நாய் கசியவிடும்போதோ முக்கும்போதோ எடுத்த செல்போன் வீடியோ மூன்றையும் கொண்டுபோங்கள். அன்று காலை முதல் சிறுநீரைச் சுத்தமான மூடி போட்ட டப்பாவில் பிடித்துப் போவது நல்லது. பெண் நாய் உட்காரும்போது பின்னாலிருந்து தட்டையான தட்டு ஒன்றை நீட்டினால் பிடித்துவிடலாம். ஊறுகாய் பாட்டிலும் மருந்து பாட்டிலும் வேண்டாம். ஒட்டியிருக்கும் மிச்சம் முடிவைக் கெடுக்கும். கிருமி எது என்று வளர்த்துப் பார்க்க வேண்டியிருந்தால் மருத்துவரே வயிற்றின் வழியாக ஊசியால் எடுப்பார். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், நாய் பெரும்பாலும் அசையக்கூட அசையாது. ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும்.