வடக்கு கூரையில் இல்லை: புவியியல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் வடக்கு எங்கே என்று கேட்டால் சிலர் விரலை உயர்த்திக் கூரையைக் காட்டுவார்கள். வரைபடத்தை எப்போதும் சுவரிலேயே மாட்டி வைப்பதன் விளைவு இது. நைல் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்றால், "தண்ணீர் எப்படி மேலே ஏறும்?" என்பார்கள். அவர்கள் பார்த்த படத்துக்கு அது நியாயமான கேள்விதான். முதல் சில பாடங்களிலாவது வரைபடத்தைத் தரையில் விரித்து, திசைகாட்டியை வைத்து அதன் வடக்கை உண்மையான வடக்கோடு பொருத்துங்கள். சூரியன் உதிக்கும் இடமே கிழக்கு என்று சொல்லி முடித்துவிடவும் வேண்டாம். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சம பகலிரவு நாட்களையொட்டித்தான் அது நேர் கிழக்கில் உதிக்கிறது.

வரைபடத்துக்கே அவசரப்படுவது இன்னொரு தவறு. மேசையை வரையச் சொன்னால் சிறு பிள்ளைகள் நான்கு கால்களையும் பக்கவாட்டில் விரித்து வரைவார்கள். மேலிருந்து பார்ப்பது இன்னும் பழகவில்லை என்று பொருள். அழிப்பானைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுக்கட்டும்; அடுத்து மேசை, பிறகு காலடியால் அளந்த வகுப்பறை. பத்துக் காலடியைத் தாளில் பத்துக் கட்டமாக்கும்போது அளவுத்திட்டம் தானே புரியும். இதற்குச் சில வாரங்கள் போனாலும் பரவாயில்லை.

தட்டையான உலகப் படத்தை மட்டும் காட்டாதீர்கள். 1569இல் வரைபடக் கலைஞர் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக வரைந்த முறையில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. பக்கத்தில் ஓர் உலக உருண்டை இருந்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பூமி சூரியனுக்கு அருகில் போனால் கோடை என்று சொல்லிவிடாதீர்கள். பூமி சூரியனை மிகவும் நெருங்குவது ஜனவரி தொடக்கத்தில். அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். பருவங்கள் மாறக் காரணம் பூமியின் 23.5 பாகை அச்சுச் சாய்வு. அது புரியும் வயது வரவில்லையென்றால் பாடத்தைத் தள்ளிப்போடலாம். பதிந்துவிட்ட தவறான காரணத்தை அகற்றுவதுதான் பெரும்பாடு.

தலைநகரங்களை ஒப்பிப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதைவிட முக்கியமானது ஊர், மாநிலம், நாடு ஆகியவை ஒன்றுக்குள் ஒன்று என்பது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் பிறந்த ஒருவர் அதே சமயம் சுவிஸ்காரராகவும் இருக்க முடியாது என்று அந்நகரச் சிறுவர்கள் பலர் நம்பியதைக் குழந்தை உளவியலாளர் பியாஜேயும் அவருடன் ஆய்வு செய்த வெய்லும் 1951இல் எழுதினார்கள். சொன்னால் மட்டும் இது ஏறாது. பெரியதும் சிறியதுமான பெட்டிகளில் பெயர்களை எழுதி ஒட்டி, பிள்ளைகளே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கட்டும்.