அட்வான்ஸில் பெயின்ட் காசு பிடித்தால்

சென்னையில் வீடு காலி செய்யும்போது தகராறு பெரும்பாலும் பெயின்டில்தான் தொடங்கும். "ஒரு மாத வாடகை பிடிச்சுக்குவேன்" என்று ஓனர் சொன்னதும் நான் முதலில் அக்ரிமென்டைத்தான் எடுத்தேன். பெயின்டிங் செலவு வாடகைதாரருக்கு என்று அதில் ஒரு வரி இருந்தால் வாதம் செல்லாது. எனக்கு அப்படி இல்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், ஒயரிங், பைப் மாற்றுவது எல்லாம் ஓனர் பொறுப்பு. நாம் சேதப்படுத்தியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர் நம் தலையில். ஆணி ஓட்டைகளை வால் புட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுவிட்டேன். சுவர்ச் சேதம் என்ற பேச்சே எழவில்லை.

கரண்ட் பில்லில் கவனம் தேவை. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். கிலோவாட் மணி (kWh), அதாவது யூனிட், காட்டும் திரை வரும்வரை காத்திருந்து, சர்வீஸ் நம்பரோடு போட்டோ எடுக்கவும். பில் சுழற்சியின் நடுவில் காலி செய்தால், யூனிட் கூடக் கூட ஏறும் ஸ்லாப் விலைகளில் உயர்ந்ததை வைத்து ஓனர் கணக்குப் போடக்கூடும். பில் வந்தபின் அவரவர் செலவழித்த யூனிட் விகிதப்படி பிரிப்பதே சரி.

சாவியைக் கொடுத்த அன்றே வாட்ஸ்அப்பில், "சாவி ஒப்படைத்தேன், ரீடிங் இது, வாடகை பாக்கி இல்லை, அட்வான்ஸ் இந்தக் கணக்குக்கு" என்று அனுப்பினேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்கிறது சட்டம். கெடு ஓடத் தொடங்கிய தேதிக்கு அந்த மெசேஜ்தான் சாட்சி.